அழித்த பதினொரு கேள்விகள்

கல்பனாவுக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் 'லிஸ்ட்'. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், அங்கே அவள் ஒரு நிமிஷம் யோசித்துத்தான் திரும்பிப் பார்ப்பாள். பதினொரு வருஷமாகக் கிருமாம்பாக்கத்தில் கம்பெனி வேன் ஏறி, புதுச்சேரியில் இறங்கி, வெளிநாட்டுக்காரர்கள் எழுதுகிற புத்தகங்களை அச்சுக்கு முன்னால் திருத்திக் கொடுக்கிற வேலை. திருத்தம் என்றால் பெரிய திருத்தம் ஒன்றும் இல்லை. இரண்டு ஆங்கில வார்த்தைகளுக்கு நடுவே குட்டியாக ஒரு கோடு போடலாமா, கூடாதா, ஒட்டி எழுதுவதா, விட்டு எழுதுவதா, இதுதான் பாதி நாள் பொழைப்பு. "இதுக்குப் போயி எவனாவது சம்பளம் குடுப்பானா?" என்று மாமியார் விருத்தாம்பாள் கேட்காத வாரம் இல்லை. கேட்கட்டும். அந்தக் கோட்டோடு மல்லுக்கட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

'வெல்-நோன் டாக்டர்' என்று எழுதினால் நடுவில் கோடு உண்டு. அதே ஆளை 'அந்த டாக்டர் வெல் நோன்' என்று பின்னால் கொண்டுபோய் வைத்தால் கோடு போய்விடும். 'நியூலி' மாதிரி 'லி' என்று முடிகிற வார்த்தை முன்னால் நின்றால் பெரும்பாலும் கோட்டுக்கு அங்கே வேலையே இல்லை. இமெயிலுக்கு ஒரு காலத்தில் கோடு இருந்தது, பிறகு பாதிப் பேர் பிடுங்கிவிட்டார்கள், மீதிப் பாதி விட மாட்டேன் என்கிறார்கள். 'டிசிஷன் மேக்கிங்' என்பதற்குக் கோடு போடு என்று ஒரு பதிப்பகம் சொல்லும், போட்டால் அடிக்க வருவேன் என்று இன்னொன்று சொல்லும். அகராதியைப் பார்க்கலாமே என்றால், அகராதிகளே ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளாக இருக்கின்றன.

கல்பனா என்ன செய்தாள்? சர்க்கரை ஆலையில் புருஷனுக்குக் கொடுத்த பழைய டைரி ஒன்றை எடுத்தாள். எந்த வார்த்தைக்கு எந்தப் பதிப்பகம் எப்படிக் கேட்கிறது என்று எழுத ஆரம்பித்தாள். பதினொரு வருஷத்தில் இரண்டாயிரத்து முந்நூறு வார்த்தை சேர்ந்துவிட்டது. யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் "ஏ லிஸ்ட், இதுக்கு கோடு உண்டா?" என்று ஒரு குரல் கேட்கும். இவள் டைரியைத் திறக்காமலேயே பதில் சொல்வாள்.

ஏன் என்று மட்டும் அங்கே யாரும் கேட்டதில்லை. அதற்கும் காரணம் உண்டு. எழுத்தாளரிடம் ஏதாவது சந்தேகம் கேட்க வேண்டும் என்றால் பக்கத்தின் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதலாம், அதற்குப் பெயர் கொயரி. ஆனால் கம்பெனியில் ஒரு கொயரிக்கு அரை மார்க் குறைப்பார்கள். "கேக்கறதுக்கா உங்கள வேலைக்கு வச்சிருக்கோம்? தெரிஞ்சிக்குங்க" என்பார் டீம் லீடர் அரிகரன். அவருக்கு மேலே இருப்பவர்கள் அவரிடம் அதையே சொல்லியிருப்பார்கள், பாவம். ஆக, அங்கே எல்லோருக்கும் ஒரு கைப்பழக்கம் வந்துவிட்டது. சந்தேகம் வரும், கேள்வியை டைப் அடிப்பார்கள், ஒரு தடவை படிப்பார்கள், பிறகு எழுத்து எழுத்தாக அழித்துவிட்டு அடுத்த வரிக்குப் போவார்கள். அழிக்கிற விரல் தானாகப் போகும். கல்பனாவின் விரல் எல்லோரையும்விட வேகமாகப் போகும்.

ஆனி மாதக் கடைசியில் வந்தது இடி. அலுவலகத்தைச் சென்னைக்கு மாற்றுகிறார்கள், ஆடி முடிந்தால் வேன் கிடையாது, வருகிறவர்கள் வரலாம், மற்றவர்களுக்கு நன்றி. நாலு வரி மெயில். கல்பனா அதில் ஒரு கோடு விட்டுப்போயிருந்ததை முதலில் கவனித்தாள், அதற்கப்புறம்தான் அழுகை வந்தது.

"சென்னைக்குப் போறியாடி?" என்று பக்கத்து நாற்காலி தாஜ் நிஷா கேட்டாள். வில்லியனூரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அமீர் ஹம்சாவின் பெண் அவள். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம்.

"எங்கடி போறது? ஏழு காணி கரும்பையும் ஆறாவது படிக்கிற புள்ளையையும் தூக்கி பையில வச்சிகினா?"

"அப்ப வூட்ல உக்காந்து மாமியாகிட்ட மல்லுக்கட்டு. நான் அத்தா கடையில குண்டான் விக்கறேன்."

சிரித்துவிட்டாள் கல்பனா. ஆனால் அன்று வேனில் அந்த டைரியை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். இந்த வேலை போனால் தனக்கு வேறு எதுவும் தெரியாது என்பதுகூட அவ்வளவாக வலிக்கவில்லை. தனக்கு ஒன்று நன்றாகத் தெரியும், அது இனி யாருக்கும் வேண்டாம் என்பதுதான் வலித்தது.

நிஷாதான் அந்த விளம்பரத்தைக் கண்டுபிடித்து அனுப்பினாள். ஸ்காட்லாந்தில் ஒரு சின்னப் பதிப்பகம், விவசாயப் புத்தகங்கள் போடுகிறவர்கள். வீட்டிலிருந்தே வேலை, ஒரே ஒரு ஆள் வேண்டும், முதலில் பரீட்சை. "நீ எழுது. தேறிட்டின்னா அடுத்த வாட்டி நானும் எழுதறேன். இல்லன்னா குண்டான்தான்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பரீட்சை. இணையத்தில் ஒரு கோப்பு, நாற்பது வாக்கியம், கோடு போட வேண்டிய இடத்தில் போட வேண்டும், எடுக்க வேண்டிய இடத்தில் எடுக்க வேண்டும். பக்கத்தில் 'காரணம் அல்லது கேள்வி' என்று ஒரு காலிக் கட்டம். புருஷன் புகழ்வேந்தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கரும்புக் கொல்லைக்குப் போய்விட்டான். மாமியாரைக் கோவிலுக்கு அனுப்பியாயிற்று. நாற்பதையும் ஐம்பது நிமிஷத்தில் முடித்தாள். அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்தபோது அவள் உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. பொறி வைக்கிறார்களாம். அதில் போய் விழ அவள் என்ன நேற்று வந்தவளா? நாற்பது கட்டத்தையும் துடைத்து வைத்தாற்போல் காலியாக விட்டு அனுப்பினாள்.

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. நாற்பதுக்கு நாற்பது. கத்தலாம் என்று வாயைத் திறந்தவள் அடுத்த வரியைப் படித்துவிட்டு மூடிக்கொண்டாள். 'உங்கள் விடைத்தாளைப் பற்றி எங்களுக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. வியாழக்கிழமை உங்கள் நேரம் மூன்று மணிக்கு வீடியோ அழைப்பில் பேச விரும்புகிறோம்' என்று எழுதி, ஃபியோனா என்று கையெழுத்துப் போட்டிருந்தது.

போனில் கேட்ட நிஷா, "யா அல்லா! மெஷின்கிட்ட குடுத்து எழுதி வாங்கிட்டேன்னு நெனச்சிட்டாளுங்கடி" என்றாள். "நாப்பதும் கரெக்டு, ஒண்ணுக்கும் காரணம் இல்ல. இப்பதான் எல்லாத்தையும் மெஷின் எழுதுதே. அவளுங்களுக்கு எப்படித் தெரியும், இங்க ஒரு லிஸ்ட் உக்காந்துகினு இருக்குதுன்னு?"

"இப்ப இன்னாடி பண்றது?"

"பேசு. ஏன் கோடு போட்டன்னு ஒண்ணொண்ணா சொல்லு."

அங்கேதான் இருந்தது வினை. ஏன் என்று கல்பனாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. டைரியைப் புரட்டினாள். இரண்டாயிரத்து முந்நூறு வார்த்தை இருந்தது, ஒரு காரணம் இல்லை.

புதன்கிழமை மத்தியானம் சோறு எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். ஆடிக் காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று. புகழ்வேந்தன் கரும்புக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். ஏழு மாதக் கரும்பு ஆள் உயரத்தைத் தாண்டியதும் காற்றுக்குச் சாய்ந்துவிடும். அதனால் பக்கத்துப் பக்கத்துக் கரும்பை நாலைந்தாகச் சேர்த்து, அதன் காய்ந்த இலையான சோகையாலேயே முறுக்கிக் கட்டி நிறுத்துவார்கள்.

"சாப்புடு. நாளைக்கி நான் தோத்துருவேன்" என்றாள்.

"இன்னாத்துக்குத் தோக்கற? நாப்பதுக்கு நாப்பது வாங்கிகினு அழுவற மொத ஆளு நீதான்." அவன் கையைத் துடைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தான். "சரி, எனக்குச் சொல்லு. அந்தக் கோடு இன்னாத்துக்கு?"

"ரெண்டு வார்த்தைய சேக்கறதுக்கு."

"எல்லா ரெண்டையும் சேப்பியா?"

"மாட்டேன்."

"அப்ப எத சேப்ப?"

"லிஸ்ட்ல இருக்கறத."

"லிஸ்ட்ல ஏன் இருக்குது?"

"யோவ், நீயும் அந்த வெள்ளக்காரிகூட சேந்துகினு..." என்று சீறியவள் பாதியில் நிறுத்தினாள். அவள் கண் அவன் கட்டிவிட்டு வந்த பாத்தியில் நின்றது. மேற்கு ஓரத்துக் கரும்பெல்லாம் கட்டியிருந்தது. நடுவில் இருந்தவற்றில் பாதி கட்டவே இல்லை.

"அத ஏன் வுட்டுட்ட?"

"அது தானா நிக்குது. ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சிகினு ஸ்ட்ராங்கா இருக்குது. ஓரத்துல நிக்கறதுதான் காத்துல பிச்சிகினு போவும். நிக்கறதயும் சேத்துக் கட்டனா எனக்குத்தான் கை வலி."

கல்பனா எழுந்தேவிட்டாள். 'வெல்-நோன் டாக்டர்'. படிக்கிறவர் வேகமாக வருகிறார். 'வெல்' ஒரு பக்கம், 'நோன்' ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் தடுக்கி விழுவார். அதனால் கட்டு. அதே இரண்டும் வாக்கியத்தின் கடைசியில் வந்து நின்றுவிட்டால் அங்கே காற்று இல்லை, எதற்குக் கட்டு? 'லி' போட்ட வார்த்தைக்கு அந்த 'லி'யே முட்டுக்கொடுக்கிறது. இமெயில் நாளாக ஆக ஒன்றாகவே வளர்ந்துவிட்டது. அடக் கடவுளே, பதினொரு வருஷம் சோகையை எண்ணிக்கொண்டிருந்தோமே, கரும்பைப் பார்க்கவில்லையே என்று அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"இன்னா, பேய் புடிச்ச மாரி நிக்கற?" என்றான் புகழ்வேந்தன் சோற்றுக் கையோடு.

"ஒண்ணுமில்ல. கொழம்பு ஊத்திக்கோ."

வியாழக்கிழமை மூன்று மணிக்கு மாரியம்மன் கோவில் குழாய் ஸ்பீக்கர் ஊரையே தூக்கிக்கொண்டிருந்தது. கூழ் ஊற்றுகிற வாரம், நிறுத்தச் சொல்ல அம்மனாலும் முடியாது. கல்பனா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கொல்லையில் இருந்த மோட்டார் கொட்டாய்க்கு ஓடினாள். புகழ்வேந்தன் மோட்டாரை அணைத்தான், தன் போனிலிருந்து இணைப்புக் கொடுத்தான், கதவுக்கு வெளியே யாரும் வராமல் காவலுக்கு நின்றான்.

திரையில் ஃபியோனா வந்தாள். ஐம்பது வயதிருக்கும். கலைந்த தலை, பெரிய கண்ணாடி, கையில் ஒரு டீக் கோப்பை. கல்பனாவுக்கு ஆங்கிலம் எழுதத் தெரிந்த அளவுக்குப் பேச வராது. "குட் ஆஃப்டர்நூன் மேடம்" என்று சொல்லிவிட்டு, நேற்று மனப்பாடம் செய்துவைத்த கரும்புக் காரணங்களை ஆரம்பிக்க வாயெடுத்தாள்.

"ஒரு நிமிஷம்" என்றாள் ஃபியோனா. "முதலில் இதைப் பாருங்கள்." திரையில் கல்பனாவின் விடைத்தாள் விரிந்தது. பக்கத்தில் நீளமாக ஒரு பட்டியல். "இந்தக் கோப்பில் நீங்கள் அடித்தது, அழித்தது எல்லாம் பதிவாகும். உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்."

தெரியாது. கம்பெனியில் இருந்த மென்பொருளில் அழித்தால் அழிந்ததுதான். இங்கே அப்படி இல்லை. ஒன்பதாவது கட்டத்தில் ஒரு கேள்வி, அழித்திருந்தது. பன்னிரண்டாவதில் ஒன்று, அழித்திருந்தது. ஃபியோனா வரிசையாகக் காட்டிக்கொண்டே போனாள். மொத்தம் பதினொன்று. அவளுடைய விரல் அவளுக்கே தெரியாமல் எழுதி, அவளுக்கே தெரியாமல் அழித்த பதினொரு கேள்விகள்.

அவ்வளவுதான், மாட்டிக்கொண்டோம். ஐந்தரை மார்க் போச்சு.

"சாரி மேடம்" என்றாள். "இனிமேல் கேட்க மாட்டேன்."

ஃபியோனா டீக் கோப்பையைக் கீழே வைத்தாள். "கேட்க மாட்டீர்களா? ஏன்?"

மனப்பாடம் செய்த ஆங்கிலம் எல்லாம் காற்றில் போயிற்று. உடைந்த ஆங்கிலத்தில், உள்ளதை அப்படியே சொன்னாள். "எங்கள் ஆபீசில் கேள்வி கேட்டால் தப்பு, மேடம். தெரியாதவர்தான் கேட்பார். பதினொரு வருஷம் நான் கேட்டதில்லை. எழுதுவேன், அழித்துவிடுவேன். எனக்கு லிஸ்ட் தெரியும். அதனால் என்னை வைத்திருந்தார்கள்."

ஃபியோனா அந்தப் பட்டியலில் எதையோ தேடினாள். வெளியே காற்று கரும்பைப் போட்டு உலுக்கியது.

"பதினேழாவது கேள்வியைப் படியுங்கள்" என்றாள் ஃபியோனா. "நீங்கள் அழித்ததை."

பதினேழாவது வாக்கியத்தில் 'ஓல்ட் கேன் க்ரோயர்ஸ் சொசைட்டி' என்று வந்திருந்தது. கல்பனா படித்தாள். "பழையது சங்கமா, விவசாயிகளா, கரும்பா? கட்டைக் கரும்பாக இருந்தால் கோட்டை வேறு இடத்தில் போட வேண்டும்."

"கட்டைக் கரும்பு என்றால்?"

அதற்கு மனப்பாடம் தேவைப்படவில்லை. கல்பனா லேப்டாப்பைத் தூக்கிக் கதவுப் பக்கம் திருப்பிக் காட்டினாள். வெட்டிய பிறகு அடிக்கட்டையிலிருந்து மறுபடி முளைத்து வருவது என்றாள். அதற்குத் தனியாக நட வேண்டாம், ஆனால் கவனிப்பு வேறு என்றாள். அதை மட்டும் வைத்திருக்கிறவர்கள் எங்கள் ஊரிலேயே உண்டு, அவர்கள் சேர்ந்து சங்கம் வைத்தாலும் வைப்பார்கள் என்றாள். பேச்சோடு பேச்சாகப் புகழ்வேந்தன் சேர்த்துக் கட்டிய கரும்பையும் காட்டி, சாய்கிறதைத்தான் கட்ட வேண்டும், நிற்கிறதைக் கட்டினால் படிக்கிறவருக்கும் கஷ்டம், நமக்கும் கை வலி என்றாள். இலக்கணம் முன்னே பின்னே போயிற்று. அவள் அதைக் கவனிக்கவில்லை. கதவோரம் சாய்ந்து நின்ற புகழ்வேந்தன் திரையில் தன் முகம் தெரிந்ததும் வெலவெலத்து வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, "வணக்கங்க" என்று கும்பிடு வேறு போட்டான்.

ஃபியோனா சிரித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "இந்தப் பரீட்சையை எழுதியவள் நான். அதில் சங்கம்தான் பழையது என்று நானாக நினைத்துக்கொண்டேன். அந்த வாக்கியம் வந்த புத்தகத்தை எழுதியவரிடம் நான் கேட்கவே இல்லை. இன்றைக்குக் கேட்கப் போகிறேன்" என்றாள். "முதலில் உங்கள் தாளை மெஷின் எழுதியது என்று நினைத்தோம். பிறகு இந்தப் பதினொன்றையும் பார்த்தோம். எந்த மெஷினும் பயந்துகொண்டு அழிக்காது."

நல்லது என்றோ, முடியாது என்றோ சொல்லாமலேயே அழைப்பு முடிந்தது. கல்பனா மோட்டார் கொட்டாய்த் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னா சொன்னாங்க?" என்று புகழ்வேந்தன் உள்ளே எட்டிப் பார்த்தான்.

"தெரியல. ஆனா நான் பேசிட்டேன்பா. பயப்படாம பேசிட்டேன்" என்று சொல்லிவிட்டு அழுதாள். அவன் தோள் துண்டை அவளிடம் கொடுத்தான், மோட்டாரைப் போட்டுவிட்டுப் போனான்.

சனிக்கிழமை காலை, இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது மெயில் வந்தது. வேலை அவளுக்குத்தான். ஆவணி முதல் தேதியிலிருந்து. ஒரே ஒரு நிபந்தனை, 'கேள்விகளை அழிக்கக் கூடாது'. கல்பனா கரண்டியோடு கூடத்துக்கு ஓடிவந்து மாமியாரைக் கட்டிக்கொண்டாள். "அட, மாவு சிந்துதுடி, வுடு" என்று விருத்தாம்பாள் திட்டினாள். விஷயம் தெரிந்ததும், "அந்தக் கோட்டுக்கு ஸ்காட்லாந்துலயும் ஆளு தேடறானுங்களா?" என்று வாயில் கை வைத்துக்கொண்டாள்.

கூடவே நியமனக் கடிதம் வந்திருந்தது. கல்பனா அதைப் படித்தாள், மறுபடி படித்தாள், மூன்றாம் தடவை படிக்கும்போது நெற்றி சுருங்கியது. அவளுடைய வேலையின் பெயர் அதில் மூன்று இடத்தில் வந்தது. முதலாவதில் 'காப்பி எடிட்டர்' என்று விட்டு எழுதியிருந்தது. இரண்டாவதில் நடுவே கோடு. மூன்றாவதில் ஒட்டி ஒரே வார்த்தை. நல்ல ஆட்கள், கோட்டுக்குப் பரீட்சை வைத்துவிட்டு வீட்டுக்குள்ளேயே இந்த லட்சணம்.

நன்றிக் கடிதம் அடித்தாள். கடைசியில் ஒரு வரி சேர்த்தாள். 'என் வேலையின் பெயரை உங்கள் கடிதம் மூன்று விதமாக எழுதுகிறது. எது சரி?' என்று. படித்துப் பார்த்தாள். வேலை கிடைத்த அன்றைக்கே குறை சொல்வதா? விரல் அழிக்கிற பொத்தான் மேல் போய் உட்கார்ந்தது. பதினொரு வருஷப் பழக்கம் இல்லையா, அது பாட்டுக்கு மூன்று எழுத்தை அழித்தும்விட்டது.

"சீ, போ" என்று தன் விரலைத் தானே அதட்டினாள். மூன்று எழுத்தையும் திரும்ப அடித்தாள். அனுப்பினாள்.

அன்று மாலையே பதில் வந்தது. 'எங்களுக்குள் இந்தச் சண்டை இருபது வருஷமாக நடக்கிறது, இன்னும் தீரவில்லை. இனிமேல் இது உங்கள் வேலை. நீங்கள் முடிவு செய்யுங்கள். நீங்கள் சொல்கிறபடி கடிதத்தைத் திருத்தி அனுப்புகிறோம்.'

'நீங்கள் முடிவு செய்யுங்கள்' என்பதை அவள் எத்தனை தடவை படித்தாள் என்று கணக்கில்லை. இதுவரை அந்த வார்த்தையை அவளிடம் யாரும் சொன்னதில்லை. டைரியை எடுத்தாள். இரண்டாயிரத்து முந்நூறுக்குக் கீழே தன் வேலையின் பெயரை எழுதினாள், நடுவில் கோடு இல்லாமல், இடைவெளி இல்லாமல், ஒட்டி. பக்கத்தில் அந்த டைரியில் முதல் முறையாக ஒரு காரணமும் எழுதினாள். 'ரெண்டும் ஒண்ணா வேர் புடிச்சிடுச்சி. இனிமே எந்தக் காத்துக்கும் சாயாது. கட்டு வேணாம்.'

அதற்குள் போன் அடித்தது. நிஷா. "அடியேய், வாழ்த்து அப்புறம் சொல்றேன். அவங்களுக்கு வேல ஜாஸ்தியாம், இன்னொரு ஆளு கேக்கறாங்களாம், இப்பதான் போட்டிருக்காங்க. நானும் எழுதப் போறேன். உன் லிஸ்ட்ட போட்டோ புடிச்சி அனுப்பு."

"அனுப்பறேன்" என்றாள் கல்பனா. "ஆனா லிஸ்ட்டுக்கு மார்க் இல்லடி. உனக்கு எங்கெங்க சந்தேகம் வருதோ, அத்தனையும் எழுது. ஒண்ணக்கூட அழிக்காத."

"அரிகரன் சாரு கேட்டா மயக்கம் போட்டுருவாருடி!" என்று நிஷா சிரித்த சிரிப்பில் இந்தப் பக்கம் காது வலித்தது. கல்பனா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, டைரியின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படம் பிடிக்க ஆரம்பித்தாள்.